ஒல்லாந்தன் முகத்தில் என் எச்சில்

1

இந்த ஆனியோடு என் அண்ணை செத்துப் பத்து வருடம். போன கிழமை லண்டன் கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டில் திவசம் கொடுத்தோம். நான் ஷிப்ட் மாற்றி லீவு எடுத்திருந்தேன். என் மனைவி சரஸ் விடியவே எழும்பி, காஸ் அடுப்பின் நாலு வாயிலும் சட்டி ஏற்றி, புகை அலாரம் கத்தாதபடி அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டிவிட்டு, தர்ப்பை எங்கே என்று தேடிக்கொண்டிருந்தாள். பதினேழு வயது மகள் சுகந்தி, படைக்கிற நேரம் கூப்பிடுங்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஐயர் சட்டன் பக்கத்தில் இன்னொரு வீட்டு வேலையை முடித்துக்கொண்டு, வேட்டிக்கு மேல் மழைக்கோட்டுடன் வந்து இறங்கினார். எள்ளும் தண்ணீரும் இறைத்து முடிந்ததும் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"உங்கட வீட்டிலதான் தம்பி திதி சுத்தமாச் சொல்லுறியள். கடலில போன ஆக்கள், காணாமல் போன ஆக்கள் எண்டால் ஒருத்தருக்கும் நாள் தெரியாது. அமாவாசையில செய்துவிடுவம் எண்டு சொல்லுறதுதான் என்ர வேலையாப் போச்சு. உங்களுக்கு மட்டும் எப்பிடித் தெரியும்?"

"தெரியும் ஐயா" என்றேன். அதற்கு மேல் அவரிடம் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். படித்துவிட்டு ஏசிக் கடிதம் போடுகிறவர்கள் போடலாம். பத்து வருடமாக என்னை நானே ஏசிக்கொண்டிருக்கிறேன், உங்களுடையதும் அதோடு சேரட்டும்.

அந்தத் திதி ஊருக்குத் தெரிய வந்ததற்கு ஒருவிதத்தில் ஒரு ஒல்லாந்துக் கடற்படைத் தளபதிதான் காரணம். அவர் செத்து முந்நூறு வருடத்துக்கு மேல். அவருடைய முகத்தில் நான் மூன்று மாதம் என் எச்சிலைப் பூசினேன். அதற்குச் சம்பளமும் தந்தார்கள்.

2

முதலில் அண்ணை. நான் கடலுக்குப் போகிறவனல்ல, கரையில் மீன்பிடிச் சங்கத்தில் கிளாக்கர். எண்பத்தாறாம் ஆண்டு ஆனியில் ஒரு நாள், அண்ணையோடு வள்ளத்தில் போகிறவருக்குக் காய்ச்சல். "ஒரு நாளைக்கு வாவன்ரா, கை தேய்ஞ்சு போகாது" என்றார் அண்ணை. போனேன்.

விடியப்புறம் வலை இழுத்துக்கொண்டிருந்தோம். கடற்படைப் படகு விளக்கில்லாமல் வந்தது. முதல் வெடி எஞ்சினில் பட்டது. அடுத்தது அண்ணையின் வயிற்றில். வள்ளம் பிரண்டு இருவரும் தண்ணீருக்குள் போனோம். அவர்கள் எங்களைச் சுற்றிச் சுற்றி வந்து, தண்ணீரில் அசைகிறதையெல்லாம் சுட்டார்கள். மிதந்துகொண்டிருந்த சோற்றுவாளியைக்கூடச் சுட்டார்கள். அண்ணை அங்கேதான் செத்தார். நான் கண்டேன்.

மத்தியானம் இன்னொரு வள்ளம் என்னைத் தூக்கிக் கரையில் போட்டது. அண்ணி ஓடிவந்து மணலில் இருந்து என் தோளைப் பிடித்து உலுப்பினா.

"தம்பி, அவரைக் கண்டனீரோ? என்ன நடந்தது? சொல்லும்."

"இருட்டு அண்ணி" என்றேன். "ஒண்டும் தெரியேல்லை. பிடிச்சுக்கொண்டும் போயிருப்பாங்கள்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்பது பின்னால் வரும். அந்த ஒரு வாய்ச்சொல்லைப் பிடித்துக்கொண்டு அண்ணி நாலு வருடம் தாலியோடும் பொட்டோடும் இருந்தா. கலியாணப் படத்திலிருந்து அண்ணையின் முகத்தை மட்டும் வெட்டியெடுத்து முகாம் முகாமாகக் கொண்டு திரிந்தா. அவவின் ஆசையை அறிந்துகொண்டு, அண்ணையைக் கண்டதாகச் சொல்லிக் காசு வாங்கித் தின்றவர்களும் உண்டு.

நான் மூன்று மாதத்தில் லண்டனுக்கு வந்துவிட்டேன். குரொய்டனில் அகதி விண்ணப்பம். வக்கீல் கேட்க, மொழிபெயர்ப்பாளர் சொல்ல, டைப் அடித்து மூன்று பக்க வாக்குமூலம் தயாரானது. அதில் தெளிவாக இருக்கிறது: என் சகோதரர் என் கண் முன்னே கடலில் சுட்டுக் கொல்லப்பட்டார். கீழே என் கையெழுத்து. அதை நம்பித்தான் என்னை இங்கே இருக்க விட்டார்கள், பிறகு சரஸையும் பிள்ளையையும் கூப்பிட விட்டார்கள். அண்ணை செத்துவிட்டார் என்பது குரொய்டனில் ஒரு பைலுக்குத் தெரியும், அவர் பெண்சாதிக்குத் தெரியாது. அந்தப் பைலின் பிரதியை சூட்கேசின் அடியில் வைத்துப் பூட்டினேன். சரஸுக்கும் காட்டவில்லை.

3

தொண்ணூறாம் ஆண்டு, பெற்றோல் ஸ்டேசன் வேலை போய், பழைய கட்டடங்களின் கல்லைத் துப்புரவாக்குகிற ஒரு சின்னக் கம்பனியில் சேர்ந்தேன். ஆற்றங்கரைப் பக்கம் ஒரு பழைய தேவாலயம். அதன் வடக்குச் சுவரில், தரையிலிருந்து ஜன்னல் உயரத்துக்கு, ஒரே சலவைக்கல். நிலக்கரிப் புகையும் மெழுகுதிரிப் புகையும் படிந்து கறுத்துக் கிடந்தது. ஒல்லாந்திலிருந்து வந்து இங்கே இங்கிலாந்து அரசராய் முடிசூடியவரின் பின்னால் வந்த ஒரு கடற்படைத் தளபதியின் நினைவுக்கல். பிரெஞ்சுக்காரரோடு கடலில் சண்டை பிடித்துச் செத்தவராம். முந்நூறாவது ஆண்டு நினைவுக்கு ஒல்லாந்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள், அதற்குள் வெளுக்க வேண்டும்.

அந்தக் காலத்துக்காரருக்கு அடக்கம் என்றால் என்னவென்றே தெரியாது. தளபதி இரும்புச் சட்டையோடு ஒரு பீரங்கியின்மேல் சாய்ந்து படுத்திருக்கிறார். தலைக்குக் கப்பல் கயிற்றுச் சுருள். மேலே செட்டை முளைத்த இரண்டு கொழுத்த குழந்தைகள் கண்ணைக் கசக்குகின்றன. ஒரு பெண் கன்னம் வீங்க எக்காளம் ஊதுகிறாள். நங்கூரம், கொடி, மண்டையோடு, சங்கு என்று ஓரிடமும் வெறுமையாய் விடவில்லை. அடியில் ஒரு நீளப் பலகை. அதில் கடற்சண்டை: பாய்மரம் முறிகிறது, ஆட்கள் தலைகீழாய் விழுகிறார்கள், அலைக்குள் வாயைத் திறந்தபடி தாழுகிறார்கள். அந்தப் பலகையை நான் முதல் நாளே கண்டேன். கண்டதும் அதற்கு முதுகு காட்டுகிற பக்கமாக ஸ்டூலைப் போட்டுக்கொண்டேன்.

மேற்பார்வைக்கு பமேலா என்ற வெள்ளைக்காரி, ஐம்பது வயது, பேச்சுக் குறைவு. அவள் சொல்லித்தந்த வேலைமுறையை நம்புவீர்களோ தெரியாது. குச்சியில் பஞ்சைச் சுற்ற வேண்டும். அதை வாயில் வைத்து எச்சிலில் நனைக்க வேண்டும். நனைத்துக் கல்லில் உருட்ட வேண்டும். ஊத்தை பஞ்சில் ஏறிவிடும். ஒரு பஞ்சை இரண்டாம் தரம் வாயில் வைக்கக் கூடாது.

"எச்சிலோ?" என்று இரண்டு தரம் கேட்டேன்.

"எச்சில்தான். அதைவிட நல்ல மருந்து கல்லுக்கு இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. அது உடம்புச் சூட்டில் இருக்கிறது, கல்லைத் தின்னாது" என்றாள்.

மற்றவன் குடித்த கோப்பையில் வாய் வைக்காத சாதி நாங்கள். எச்சில் இலையை எடுப்பதென்றாலே முறை பார்க்கிறவர்கள். செத்தவன் முகத்தில் எச்சில் படுத்துகிறதை ஊரில் ஒருத்தன் செய்தால் அவனைக் கட்டிவைத்து உரித்துவிடுவார்கள். எனக்கோ அன்று பால் வார்த்தது போல இருந்தது.

அவன் ஒல்லாந்தன் என்பதல்ல என் கோபம். எங்கள் ஊர்க் கோட்டையைக் கட்டி எங்களை நூற்றுச் சொச்சம் வருடம் ஆண்டவர்களின் ஆள் என்பதும் அல்ல. அவன் கடற்படைக்காரன். பீரங்கியைத் தலையணையாய் வைத்துப் படுத்திருக்கிறான், செத்த பிறகும் உதட்டில் ஒரு சிரிப்பு. என் கைக்கெட்டும் தூரத்தில் முதல் முதல் அகப்பட்ட கடற்படைக்காரன் அவன்தான். நெற்றியில் ஒரு பஞ்சு, மூக்கில் ஒரு பஞ்சு. ஒவ்வொன்றுக்கும் ஒரு தூஷணம், தமிழில், பல்லுக்குள்ளே.

"பிரார்த்தனையா?" என்று ஒரு நாள் பமேலா கேட்டாள்.

"ஓம்" என்றேன்.

ஒரு தரம் மத்தியானம் புட்டும் கறியும் சாப்பிட்டுவிட்டு வாய் சரியாகக் கொப்பளிக்காமல் வந்து, தளபதியின் தாடையில் மஞ்சள் பிடித்துவிட்டது. பமேலாவுக்கு ஒரு நாள் முழுக்க அதை எடுக்கிற வேலை. அதற்குப் பிறகு வேலை நாளில் எனக்குப் பாணும் பட்டரும்தான்.

வைகாசியில் ஒரு பின்னேரம் டூட்டிங் பஸ் தரிப்பில் மொட்டைத்தலைப் பெடியள் மூன்று பேர் என்னை வழிமறித்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை. ஒருவன் தன் தலையால் என் வாயில் முட்டினான். விழுந்ததும் மற்ற இருவரும் சப்பாத்தால் விலாவில் உதைத்தார்கள். பஸ்சுக்கு நின்றவர்கள் பஸ் வருகிற திசையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அடுத்த நாள் உதடு கிழிந்தபடி வேலைக்குப் போனேன். பமேலா வீட்டுக்குப் போகச் சொன்னாள். அவள் தேநீர் எடுக்கப் போன நேரம், வாய்க்குள் ஊறிய இரத்தத்தோடு பஞ்சை நனைத்து, அந்தச் சிரிக்கிற உதட்டில் வேண்டுமென்றே தேய்த்தேன். சிவப்பாய் இழுபட்டது. இன்னொரு பஞ்சு. இன்னொரு பஞ்சு. அன்று என் கையில் சுத்தியல் இருந்திருந்தால் அந்தத் தலை இன்றைக்கு அங்கே இராது. பிறகு நானே தண்ணீர் விட்டுத் துடைத்தேன்.

4

அந்தக் கோடையில் ஊரில் மறுபடி சண்டை. ஒல்லாந்தர் கட்டிய கோட்டைக்குள் ஆமி, வெளியே இயக்கப் பெடியள், மேலே விமானம். தபால் வருவதே அருமை. ஆடியில் கொழும்பு வழியாக ஒருவர் கையில் அண்ணியின் கடிதம் வந்தது. சண்டை தொடங்குவதற்கு முதல் எழுதியது.

"முகாம் வாசலில அவற்ற படத்தைக் காட்டக் கிட்டப் போனன். ஒருத்தன் துவக்குப் பிடியால காதோட அடிச்சான். இடது காது இப்ப கேக்கிறேல்லை. பரவாயில்லைத் தம்பி, மற்றக் காது இருக்கு. தெற்கிலயும் ஒரு முகாம் இருக்காம். காசு சேந்தால் அதையும் ஒருக்காப் பாக்கவேணும்."

அந்த அடி நான் அடித்தது. துவக்கு மட்டும்தான் அவனுடையது. கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். அன்று தளபதியின் கழுத்தைத் துப்புரவாக்கினேன். ஒரு தூஷணமும் வாயில் வரவில்லை.

பள்ளிக்கூட விடுமுறை. சரஸுக்குத் தொழிற்சாலையில் வேலை என்பதால் சுகந்தியை நான் தேவாலயத்துக்குக் கூட்டிக்கொண்டு போவேன். அப்போது அவளுக்குப் பதினொரு வயது, இங்கே வந்து இரண்டு வருடம். அதற்குள் ஆங்கிலத்தில் கேட்டு ஆங்கிலத்திலேயே பதிலும் எதிர்பார்க்கிற நிலைக்குப் போய்விட்டாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பெயர் சூ. என் ஆங்கிலத்தை ஆட்களுக்கு முன்னால் திருத்துவாள், நான் சுருண்டுபோவேன். ஒரு நாள் வாசலில் இருந்த ஒரு துண்டுப் பிரசுரத்தை எடுத்து வாசித்துக்கொண்டிருந்தவள், திடீரென்று சொன்னாள்:

"அப்பா, இதுக்குள்ள ஆளில்லை."

"எதுக்குள்ள?"

"இவர். குண்டு பட்டுக் கடலில விழுந்திட்டாராம். ஆளை எடுக்கேல்லையாம். இது சும்மா கல்லு."

நான் கையில் பஞ்சோடு பமேலாவைப் பார்த்தேன். அவள் தலையாட்டினாள். உனக்குத் தெரியும் என்றல்லவா நினைத்தேன் என்றாள். இரண்டு மாதத்துக்கு மேலாய் நான் துப்பிக்கொண்டிருந்த இடத்தில் ஒரு எலும்பும் இல்லை.

சுகந்தி தொடர்ந்து வாசித்தாள். பெண்சாதிதான் கல்லை வைப்பித்தாள், அதுவும் அவர் செத்துப் பதினொரு வருடத்துக்குப் பிறகு.

"ஏன் பதினொரு வருசம்?" என்றாள் மகள்.

"செத்தது நிச்சயமாய்த் தெரியாமல் இருந்திருக்கலாம்" என்றாள் பமேலா.

"கப்பலில நூறு பேர் நிண்டிருப்பினமே. ஆராவது கண்டிருப்பினம். கண்டவை ஏன் வந்து சொல்லேல்லை?"

இதை ஆங்கிலத்தில் பமேலாவிடம்தான் கேட்டாள். எனக்கென்று எழுதிவைத்த கேள்வி போல இருக்கிறது, கதைக்காகச் சேர்த்திருக்கிறான் என்பீர்கள். சேர்க்கவில்லை. பிள்ளைகள் கேட்பார்கள். பமேலா தோளைக் குலுக்கிவிட்டு, அந்த நீளப் பலகையைக் காட்டி, "இனி அதுதான் மிச்சம். இதில் மிக நல்ல வேலைப்பாடு அங்கேதான் இருக்கிறது. நீயே செய், உன் கை பழகிவிட்டது" என்றாள்.

முழங்காலில் இருந்தேன். அலைக்குள்ளிருந்து ஒரு கை மேலே வருகிறது. உடைந்த படகில் தொங்கிக்கொண்டு இன்னொருவன் கையை நீட்டுகிறான். இரண்டு கைக்கும் நடுவில் ஒரு பெருவிரல் அகலம் இடைவெளி. முந்நூறு வருடத்துப் புகை முழுக்க அந்த இடைவெளிக்குள் அடைந்து கறுத்திருந்தது. பஞ்சை வாயில் வைத்தேன். வாய் காய்ந்து கிடந்தது. நாக்கைச் சுழற்றினேன், உப்புக் கரித்ததே தவிர ஒரு சொட்டு ஊறவில்லை.

இப்போது சொல்கிறேன். வள்ளம் பிரண்டபோது என் இடது கையில் மண்ணெண்ணெய்க் கலன், வலது கையில் அண்ணையின் மணிக்கட்டு. குடல் தண்ணீரில் மிதக்க அவர் கத்தினார். மனிதர் கத்துகிற கத்தலல்ல அது. அந்தக் கத்தலுக்குத்தான் படகு திரும்பித் திரும்பி வந்தது. வந்த ஒவ்வொரு முறையும் சுட்டார்கள். "அண்ணை, கத்தாதையுங்கோ" என்று கெஞ்சினேன். அவரால் ஏலாது. மூன்றாம் தரம் படகு திரும்பியபோது கையை விட்டேன். அவர் உடனே தாழவில்லை. கத்திக்கொண்டே விலகிப் போனார். படகு அவர் பக்கம் போனது. நான் கலனுக்குக் கீழே தலையை வைத்துக்கொண்டேன்.

"அப்பா, நீங்கள் அழுகிறியளோ?" என்றாள் சுகந்தி. அன்று அவள் தமிழில் கேட்டாள்.

அந்தப் பலகையை நான் துப்புரவாக்கவில்லை. பமேலா செய்தாள்.

5

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சூட்கேசைத் திறந்து அந்த மூன்று பக்கத்தையும் எடுத்தேன். என் வாயால் தமிழில் சொன்னதை ஒருவர் ஆங்கிலமாக்கினார். அதை நான் மறுபடி தமிழாக்க வேண்டியிருந்தது. குசினி மேசையில் இருந்து வரி வரியாய் எழுதினேன். வயிற்றில் வெடி, படகு சுற்றியது, வாளியைச் சுட்டது, எல்லாம் அந்தக் கடதாசியில் இருந்தன. கையை விட்டது இருக்கவில்லை. குரொய்டனில் அவர்கள் கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை. அந்த ஒரு வரியை மட்டும் பார்த்து எழுத இடமில்லாமல் நானாக எழுதினேன்.

சரஸ் வந்து வாசித்தாள். அடுப்பை நிறுத்தினாள்.

"இதை வைச்சுக்கொண்டு ரெண்டு வருசம் எனக்குப் பக்கத்தில படுத்தனீங்கள், என்ன?" என்றாள். பிறகு நாலு நாள் என்னோடு கதைக்கவில்லை. ஐந்தாம் நாள், "கடிதத்தைப் போட்டாச்சோ?" என்று மட்டும் கேட்டாள்.

கொழும்புக்குப் போகிற ஒருவரைக் கிங்ஸ்பரியில் தேடிப் பிடித்துக் கொடுத்தனுப்பினேன். ஒல்லாந்திலிருந்து விருந்தினர் வந்தார்கள், பாதிரியார் பேசினார், எக்காளம் ஊதினார்கள். நான் கடைசி வரிசையில் நின்றேன். கல் பாலாய் வெளுத்திருந்தது. தளபதிக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. பெண்சாதியைப் பதினொரு வருடம் காக்கவைத்தது அவரல்ல, கண்டவன்.

பதிலுக்கு நான் எதிர்பார்த்தது சாபம். மண் அள்ளித் தூற்றியிருப்பா, கிழித்து எறிந்திருப்பா, இனி நீ எனக்குத் தம்பியில்லை என்று எழுதுவா என்றெல்லாம் நினைத்தேன். மார்கழியில் கடிதம் வந்தது. கொப்பியில் கிழித்த ஒற்றைத் தாள், பென்சில் எழுத்து.

"தம்பி அறிவது. கடிதம் கிடைச்சுது. இனி முகாமுக்குப் போகமாட்டன். தாலியைக் கழட்டிப் போட்டன். தர்ப்பையில ஆளைச் செய்து எரிச்சுச் சடங்கு முடிக்கச் சொல்லி ஐயர் சொல்லுறார். அது சரி. ஆனால் திவசத்துக்குத் திதி வேணும். ஐயர் பழைய பஞ்சாங்கம் எடுத்துப் பாத்தவர். அண்டைக்கு விடியிற நேரத்தோடதான் நவமி முடிஞ்சு தசமி பிடிக்குதாம். நீர் கையை விட்டது விடிய முன்னமோ, விடிஞ்சாப் பிறகோ? அண்டைக்குக் கரையில கேட்டதுக்கு இருட்டு எண்டு சொன்னனீர். இப்பவும் அதுதானோ? யோசிச்சு எழுதும். பிழையான நாளில சோறு வைச்சால் அவருக்குப் போய்ச் சேராது."

மேசையில் இருந்து நீலக் கடிதத்தாளை விரித்தேன். நாலு வருடம் அந்த இருட்டுக்குள்தான் நான் ஒளித்திருந்தேன். யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

"விடிஞ்சிட்டுது அண்ணி. சூரியன் வந்திட்டுது. அண்ணை என்ர முகத்தைப் பாத்துக்கொண்டிருந்தவர். தசமியிலேயே செய்யுங்கோ."